கைராசியும் எலும்பு சிமெண்டும்

எனக்குக் கைராசி உண்டு என்று ஏறக்குறைய இரண்டு வருஷம் ஒரு ஆராய்ச்சிக் கூடமே நம்பியது. பெயருக்குப் பின்னால் மூன்று பட்டம் போட்டுக்கொண்டவர்கள்கூட நம்பினார்கள். நானும் நம்பினேன். அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதுவதாக இருந்தால் இதை எழுதவே வேண்டாம்.

நான் பல்செட் செய்கிறவன். மில் வேலை போன பிறகு, நாற்பது வயதுக்கு மேல், தொண்ணூற்றொன்றில் சிவாஜிநகரில் ஒரு டெண்டல் லேபில் சேர்ந்து கற்றுக்கொண்ட தொழில். லேப் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் இரண்டு அறை, அவ்வளவுதான். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள், நாங்கள் அதற்கு செட் செய்து அனுப்புவோம். ரோஸ் நிறத்தில் ஒரு பவுடர், தண்ணீர் மாதிரி ஒரு திரவம். இரண்டையும் கலந்தால் முதலில் ஈர மணலாக இருக்கும். பிறகு விரலில் நூல் நூலாக ஒட்டும். பிறகு ஒட்டுவது நின்று மாவாகும். அந்தப் பதத்தில் அச்சுக்குள் வைத்து அழுத்திவிட வேண்டும். விட்டால் ரப்பராக இழுத்து, சூடேறி, கல்லாகிவிடும். அந்தத் திரவத்தின் நாற்றம் சட்டையை விட்டும் போகாது, தலைமுடியை விட்டும் போகாது. ஓக்கலிபுரத்தில் எங்கள் சந்துக்குள் நான் நுழையும்போதே பக்கத்து வீட்டு அம்மாள், "பல்லுக்காரு வந்துட்டாரு, மணி ஏழு ஆச்சு பாரு" என்று உள்ளே குரல் கொடுப்பாள்.

எங்கள் லேபில் ஒவ்வொருவருடைய இடது கைப் பக்கமும் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். குங்குமச் சிமிழ் அளவுதான். அதில் கொஞ்சம் திரவம். மாவு விரலில் ஒட்டினாலும் சரி, காய்ந்துபோய் ஓரம் வெடித்தாலும் சரி, விரல் நுனியை அதில் நனைத்து ஒரு தடவு தடவுவோம். ரொம்பக் கெட்டியாக இருந்தால் ரெண்டு சொட்டு உதறிவிடுவோம். சப்பாத்தி மாவின் ஓரம் வெடித்தால் வீட்டில் தண்ணீர் தெளிப்பார்களே, அதை யாராவது ஒரு வேலை என்று நினைப்பார்களா? நாங்களும் நினைக்கவில்லை. யாரும் எனக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. பக்கத்து ஆள் செய்தான், நானும் செய்தேன்.

பத்து வருஷம் அங்கே இருந்தேன். பிறகு சண்டை வந்தது. ஒரு டாக்டர் கோணலாக அச்செடுத்து அனுப்பிவிட்டு, செட் ஆடுகிறது என்று எங்கள் முதலாளியிடம் போனில் கத்தினார். முதலாளி ஏழு பேர் முன்னால் என்னிடம் கத்தினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இது என் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஏப்ரனைக் கழற்றி அவர் மேஜைமேல் போட்டு, "அச்செடுத்தவரப் போய்க் கேளுங்க, என் கை கோணலா அவர் கண்ணு கோணலான்னு" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகுதான் டிபன் பாக்ஸை அங்கேயே விட்டது ஞாபகம் வந்தது. எவர்சில்வர் டிபன் பாக்ஸ், மூன்று அடுக்கு. திரும்பிப் போகவில்லை.

என் வேலை பிடித்த இன்னொரு பல் டாக்டர்தான் என்னை அந்த ஆராய்ச்சிக் கூடத்துக்கு அனுப்பினார். அங்கே ஒரு பேராசிரியருக்கு இந்தப் பவுடர், திரவம், பதம் எல்லாம் கை பழகிய ஆள் வேண்டுமாம். வருஷா வருஷம் புதுப்பிக்கிற தற்காலிக வேலை. பேராசிரியர் கன்னடக்காரர், தமிழ் பாதி வரும், ஆளைப் பார்த்தால் எப்போதும் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் மாதிரி இருப்பார். அவரிடம் பிஎச்டி செய்துகொண்டிருந்த பெண்ணுக்குத்தான் நான் உதவ வேண்டும். சேலத்துப் பெண், இருபத்தாறு வயது இருக்கும், பேச ஆரம்பித்தால் மூச்சு விடமாட்டாள். எனக்கு மகள் வயது. ஆனாலும் "அண்ணா" என்றுதான் கூப்பிடுவாள், அங்கே வேலை செய்கிற எல்லாரும் அண்ணாதான். நான் "மேடம்" என்பேன், அவசரத்தில் "ஏம்மா" என்று வந்துவிடும்.

முதல் நாள் அவள் விளக்கினாள். இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு மாற்றும்போது உள்ளே வைக்கிற உலோகம் எலும்போடு பிடித்து நிற்பதற்கு ஒரு சிமெண்ட் வைப்பார்களாம். வீடு கட்டுகிற சிமெண்ட் இல்லை. பவுடரும் திரவமும் கலந்து வைப்பது. அவள் பாட்டிலைத் திறந்தாள். எனக்குத் தெரிந்த அதே நாற்றம். "அட, நீயா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். என் பல்செட் சரக்குதான், ரோஸுக்குப் பதில் வெள்ளை. அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அந்த சிமெண்ட் எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும் என்பதற்காக அதில் பேரியம் சல்பேட் என்று ஒரு வெள்ளைப் பொடி சேர்ப்பார்கள். அந்தப் பொடி கடலை மாவு மாதிரி கட்டி தட்டும். கட்டி தட்டின இடத்தில்தான் வருஷங்கள் போனபின் விரிசல் ஆரம்பிக்கும். மூட்டு ஆட ஆரம்பிக்கும். மறுபடி காலைத் திறக்க வேண்டும். அவளுடைய ஆராய்ச்சி என்னவென்றால், அதே பொடியைச் சாதாரண மைக்ராஸ்கோப்பில்கூடத் தெரியாத அளவுக்கு நுண்ணியதாக எடுத்துச் சேர்த்தால் சிமெண்ட் பலமாகுமா என்பது. நானோ பொடி என்றார்கள். "எதுக்கும்மா இந்த சப்ஜெக்ட் எடுத்தீங்க, வீட்ல யாருக்காவது மூட்டு மாத்தினாங்களா?" என்று கேட்டேன். "இல்லண்ணா, கெடச்சது, எடுத்துக்கிட்டேன்" என்றாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று.

வேலை இப்படி. பவுடரை நிறுத்து, திரவத்தை அளந்து, கலந்து, பதம் வந்ததும் ஸ்டீல் அச்சில் வைத்து அழுத்த வேண்டும். அச்சு பீன்யாவில் என் மைத்துனன் வேலை செய்த பட்டறையில் செய்தது. அதிலிருந்து விரல் நீளத்துக்குப் பட்டைகள் கிடைக்கும். அவற்றை உடம்புச் சூட்டில் இருக்கும் தண்ணீரில் சில நாள் போட்டு வைத்து, பிறகு ஒரு மெஷினில் வளைத்து உடைப்பார்கள். எவ்வளவு பலத்தில் உடைந்தது என்று கம்ப்யூட்டர் கோடு போடும். சாதாரண சிமெண்டில் இத்தனை பட்டை, நானோ சிமெண்டில் இத்தனை பட்டை. எது தாங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

நானோ தாங்கியது. மெஷினில் "டப்" என்று உடைகிற சத்தத்துக்காக நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம், அது வராமல் கோடு ஏறிக்கொண்டே போகும். அவள் கையைத் தட்டிக் குதிப்பாள். பேராசிரியர் மைசூர்பாக் வாங்கிவரச் சொன்னார். என் வலது கையைப் பிடித்துப் பார்த்து, "நிம் கைகுண சென்னாகிதே ரீ" என்றார். கன்னடத்தில் கைராசியைக் கைகுணம் என்பார்கள். உங்கள் கைகுணம் நல்லா இருக்கு என்றார். அதிலிருந்து பிடித்துக்கொண்டது. பக்கத்து அறையில் வேறு எதையோ உருக்கிக்கொண்டிருந்த மாணவர்கள்கூடப் புதுக் கலவை ஆரம்பிக்கும்போது, "அண்ணா, மொதல் கலக்கு நீங்க கலக்கிட்டுப் போங்க" என்று என்னைக் கூப்பிட்டார்கள். முக்கியமான நாளில் என்னை வாசற்படியில் பார்த்தால் சிரித்தார்கள். மில்லில் இருபது வருஷம், பல் லேபில் பத்து வருஷம், ஒருத்தரும் என் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு எலும்பு டாக்டர் வந்து பேசினார். நானும் பின்னால் நின்று கேட்டேன். சிமெண்டில் திரவம் அளவுக்கு மேல் போகக்கூடாது என்றார். அதிகம் போனால் இறுகும்போது சூடு ஏறி எலும்பைச் சுடும். இறுகாமல் மிஞ்சுகிற திரவம் ரத்தத்தில் கலந்து, மேஜைமேலேயே நோயாளிக்குப் பிரஷர் விழுந்துவிடும் என்றார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். அவர் என்னைப் பற்றிப் பேசுகிறார் என்று தெரியாமல் தலையாட்டினேன்.

பிறகு எனக்கு மெட்ராஸ் ஐ வந்தது. இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழம். பத்து நாள் வரவேண்டாம் என்றார்கள். அந்தப் பத்து நாளும் அந்தப் பெண்ணே கலந்து பட்டை போட்டாள். சாதாரண சிமெண்ட் சரியாக வந்தது. நானோ மட்டும் பொரபொரவென்று வந்து, மெஷினில் வைத்ததும் உடைந்தது. உடைந்த முகத்தில் ஊசி குத்தின மாதிரி ஓட்டைகள். பொடியில் ஈரம் ஏறிவிட்டதோ, மெஷின் தப்போ என்று அவள் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாள். நான் திரும்பி வந்து, அதே பொடி, அதே பாட்டில், கலந்து கொடுத்தேன். கோடு மறுபடி ஏறியது.

பேராசிரியர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "கைராசின்னு தீசிஸ்ல எழுத முடியுமாண்ணா? நீங்க என்ன பண்றீங்க, நான் என்ன பண்ணல?" என்று கேட்டுவிட்டு, இரண்டு நாள் என் பக்கத்திலேயே ஸ்டாப்வாட்ச்சும் நோட்டுமாக நின்றாள். எத்தனை செகண்ட் கிண்டுகிறேன், எப்போது அச்சில் வைக்கிறேன், எவ்வளவு சூடு, எல்லாம் எழுதினாள். இடது கைப் பக்கத்துக் கிண்ணத்தை மட்டும் எழுதவில்லை. அச்சைத் துடைப்பதற்கு வைத்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். பல் தொழில்காரன் யாராவது நின்றிருந்தால் முதல் நிமிஷத்தில் பார்த்திருப்பான். ஆனால் அவனும் அதை ஒரு விஷயமாக நினைத்திருக்க மாட்டான். கடைசியில், தன் கை பழகாத கை, அதனால்தான் ஓட்டை விழுந்தது என்று முடிவு செய்து, அவள் செய்த பட்டைகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. படித்தவளுக்கு வராதது எனக்கு வருகிறதே என்ற சந்தோஷம். அற்பத்தனம்தான்.

கட்டுரை ஒன்று வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போயிற்று. அதைப் பார்த்து அங்கே ஒரு கூடத்தில் அவளுக்கு வேலையும் சொன்னார்கள். தீசிஸைச் சமர்ப்பித்துவிட்டு வரலாம் என்று. அவளுடைய உதவித்தொகை முடிய நான்கு மாதம் இருந்தது. கடைசி அத்தியாயத்தை டைப் செய்துகொண்டு ஒரு வாரம் ஊருக்குப் போனாள்.

அந்த வாரம்தான் ஸ்டோர்கீப்பர் வந்தார். ஆனேக்கல்லிலிருந்து தினம் பஸ் பிடித்து வருகிறவர், தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் பேசுவார், ரிட்டையராக ஆறு மாதம் இருந்தது. கையில் ஸ்டாக் ரிஜிஸ்டர். "ஏன்ரீ, பவுடர் இன்னும் அர டப்பா நிக்குது, லிக்விட் காலியா? ரெண்டும் சேந்துதானே தீரணும்? எங்க போவுது, சிவாஜிநகரா?"

திரவத்தை என் பழைய லேபுக்குக் கடத்துகிறேன் என்று சொல்கிறார். எனக்குக் கண்ணெல்லாம் இருட்டிவிட்டது. அந்த லேபின் படியைக்கூட நான் மிதிக்கமாட்டேன், டிபன் பாக்ஸையே விட்டவன்! "யாரப் பாத்து இன்னா பேசற? திருட்டுப் பட்டமா கட்டற? வாய்யா, வந்து உக்காரு! உன் கண்ணு முன்னாடி கலக்கறேன். ஒரு சொட்டு வீணாகுதான்னு பாரு!" என்று கத்தினேன். மரியாதையெல்லாம் காற்றில் போய்விட்டது. அவர் நிதானமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மேஜைமேல் நானோ பொடி கலந்த பவுடர்தான் இருந்தது. அவர் எதிரிலேயே நிறுத்தேன். திரவத்தை அளந்தேன், அளவைக் கண்ணாடியை அவர் மூக்குக்கு நேராக நீட்டிக் காட்டினேன். கலந்தேன், பதம் பார்த்தேன், அச்சில் வைத்தேன். அச்சை இறுக்கிவிட்டு, "இன்னா, பாத்தியா? எங்க போச்சு லிக்விட்?" என்றேன்.

அவர் பேனாவால் கிண்ணத்தைக் காட்டினார். "இதுல எவ்ளோ?"

"எதுல?"

"இந்தச் சின்னதுல. மொதல்ல ஊத்தி வெச்சீங்க. நாலு வாட்டி வெரல் வெச்சீங்க. ஒரு வாட்டி மாவு மேல உதறினீங்க. நான் எண்ணினேன்ரீ."

"அது சும்மா" என்றேன்.

"சும்மா இல்ல, லிக்விட்" என்றார். ரிஜிஸ்டரில் 'உபயோகத்தில் ஆவியானது' என்று எழுதி, என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். என்மேல் இருந்த பழி அதோடு போயிற்று. நான் அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாதாரண சிமெண்டுக்கு நான் விரல் நனைத்ததே இல்லை. அது வழவழவென்று வரும், தேவையே இருக்காது. நானோதான் திரவத்தைக் குடித்துவிட்டு ஓரம் வெடிக்கும். அப்போதெல்லாம் என் கை தானாகக் கிண்ணத்துக்குப் போயிருக்கிறது. இரண்டு வருஷமும், ஒவ்வொரு கலவையிலும். அப்படியானால் தாங்கினது நானோ பொடியா, என் சொட்டா?

மறுநாள் நானோ பவுடரில் ஆறு பட்டை, கிண்ணத்தைத் தொடாமல் காய்ந்த கையுறையோடு போட்டேன். ஆறு பட்டை என் வழக்கப்படி போட்டேன். தண்ணீரில் வைத்தேன். அவை ஊறி முடிவதற்குள் அந்தப் பெண் ஊரிலிருந்து வந்துவிட்டாள். எனக்கு ஒரு பொட்டலம் தட்டுவடை கொண்டு வந்திருந்தாள். தீசிஸைக் காட்டினாள், இத்தனை தடிமன். "கிராஃப் எல்லாம் கலர்ல போட்டிருக்கேண்ணா" என்றாள். நான் நல்லா இருக்கும்மா என்றேன். அன்று சாயங்காலம் அவள் கிளம்பின பிறகு, மெஷின் ஆளிடம் என் பன்னிரண்டு பட்டைகளையும் கொடுத்தேன். காய்ந்த கையால் செய்த ஆறும் டப், டப், டப் என்று சாதாரண சிமெண்டுக்கும் கீழே உடைந்தன. மற்ற ஆறும் தாங்கின.

நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவளுடைய தீசிஸ் போகும், வெளிநாட்டு வேலை போகும், என் வேலையும் போகும். சொல்லாவிட்டால் ஒன்றும் போகாது. சொட்டுதானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லி முடிப்பதற்குள் அந்த எலும்பு டாக்டர் ஞாபகத்துக்கு வந்துவிடுவார். நாளைக்கு யாராவது இவள் புத்தகத்தைப் பார்த்து இந்தப் பொடியைப் போட்டுக் கலப்பான். அவனுக்கும் ஓரம் வெடிக்கும். அவனும் ரெண்டு சொட்டு விடுவான், இல்லை, விடாமல் ஓட்டையோடு வைப்பான். இரண்டில் எதுவானாலும் கத்திக்கு அடியில் கிடக்கிறவனுக்குத்தான் கேடு.

என் மனைவி சாப்பாட்டுத் தட்டை நகர்த்தினாள். "நாலு நாளா சோறு துன்னாம இன்னா யோசன? மறுபடியும் எவன்கிட்டயாவது சண்ட போட்டியா?"

சொன்னேன். அவளுக்கு சிமெண்ட் புரியவில்லை, மற்றது புரிந்தது. "சொன்னா வேல பூடுமா?"

"பூடும்."

"சொல்லலன்னா?"

"பூடாது."

"அப்ப சொல்லாம இருக்க வேண்டியதுதான? சோத்தத் துன்னு."

நான் தட்டைத் தொடவில்லை. அவள் தட்டை மூடி வைத்துவிட்டு, "உன்னால முடியலன்னா போய்ச் சொல்லித் தொல. பட்டினி கெடந்து எனக்கு வேல வெக்காத" என்று எழுந்து போனாள்.

காலையில் லேபில் அந்தப் பெண் வந்ததும் கிண்ணத்தை அவள் மேஜைமேல் வைத்துச் சொன்னேன். நீளமாக ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டு பட்டைகளின் தாளையும் பக்கத்தில் வைத்தேன். அவள் தாளைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள்.

"எத்தன சொட்டுண்ணா?"

"தெரியாதும்மா."

"ஒவ்வொரு தடவயும் ஒரே அளவா?"

"இல்லம்மா. கெட்டியா இருந்தா ஜாஸ்தி. பதத்துக்குத் தகுந்த மாதிரி."

"எல்லா பேட்ச்லயுமா?"

"நானோவுல மட்டும். மத்தது வெடிக்காதே."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரே அளவாக இருந்திருந்தால்கூடக் கணக்குப் போட்டுச் சரிசெய்திருப்பாள் போலிருக்கிறது. பிறகு எழுந்து, "ரெண்டு நாள் உங்க பக்கத்துல நின்னேனேண்ணா. கண்ணுல வெளக்கெண்ண விட்டுக்கிட்டு நின்னேனே. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். செய்கிறேன் என்றே தெரியாததை எப்படிச் சொல்வது? "போயிடுங்கண்ணா. கொஞ்ச நேரம் என் கண்ணு முன்னாடி நிக்காதீங்க" என்றாள். நான் வெளியே வந்து காரிடாரில் நின்று அழுதேன். ஐம்பத்து மூன்று வயதில் அழுதேன். யார் பார்த்தார்களோ தெரியாது.

பேராசிரியர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன்னைத்தான் திட்டிக்கொண்டார். "கைகுண, கைகுண அந்த்த ஹேளிது நானே" என்றார், கைகுணம் கைகுணம் என்று சொன்னது நானேதான் என்று. கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். என்னை அனுப்பவில்லை. அனுப்பிவிட்டால் எது எப்படி நடந்தது என்று சொல்ல ஆளில்லாமல் போகும் என்று அந்தப் பெண்தான் சொன்னாளாம். இரக்கத்தால் இல்லை, வேலைக்காக. அதுவும் எனக்கு நல்லதாகத்தான் பட்டது.

முதலிலிருந்து ஆரம்பித்தோம். திரவம் சிரிஞ்சில் அளந்து அவள் கையால்தான் ஊற்றுவாள். பாட்டில் பீரோவுக்குள் போய்ப் பூட்டப்பட்டது. கிண்ணத்தை அவள் எங்கே வைத்தாளோ, நான் கேட்கவில்லை. ஒவ்வொரு கலவைக்கும் முன்னால் என் கையுறையைத் துணியால் ஒற்றிப் பார்ப்பாள். காய்ந்த விரலோடு கெட்டி மாவை அழுத்தி அழுத்தி என் கட்டைவிரல் வீங்கிப்போயிற்று. ஓரம் வெடிக்கும்போதெல்லாம் இடது கை தானாகக் கிளம்பும், வெறும் மேஜையைத் தொட்டுவிட்டுத் திரும்பும். அவள் பார்ப்பாள், பேசமாட்டாள். பேச்சு நின்று போனதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. முன்பெல்லாம் மூச்சு விடாமல் பேசுகிற பெண்.

எட்டு மாதம் ஆயிற்று. அதில் கடைசி நான்கு மாதம் அவளுக்கு உதவித்தொகை இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் காத்திருக்கவில்லை, வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். பொடியின் அளவைக் குறைத்து, கட்டி தட்டாமல் இருக்க அதற்கு ஒரு மேல்பூச்சு கொடுத்து, திரவத்தில் போட்டு அதிர்வு கொடுத்துப் பிரித்த பிறகு, நானோ சிமெண்ட் சாதாரணத்தைவிடத் தாங்கியது. கொஞ்சம்தான். பழைய கிராஃபில் மலை மாதிரி ஏறின கோடு இதில் மேடு மாதிரி ஏறியது. யாரும் குதிக்கவில்லை. யார் கலந்தாலும் அதே மேடு வந்தது. அவள் கலந்தாள், நான் கலந்தேன், கடைசியில் பேராசிரியரே ஒரு தரம் கலந்தார். மூன்றும் ஒன்றாக உடைந்தபோது அவள் என்னைப் பார்த்து, "டீ குடிக்கலாமாண்ணா?" என்றாள். எட்டு மாதத்தில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது.

தீசிஸில் நன்றி சொல்கிற பக்கத்தில் நான் இல்லை. செய்முறை அத்தியாயத்தில் ஒரு வரி இருந்தது. அதைப் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினாள், தமிழில் சொன்னாள்: எல்லாக் கலவைகளும் உலர்ந்த கையுறையால் கலக்கப்பட்டன, கூடுதல் திரவம் எந்தக் கட்டத்திலும் சேர்க்கப்படவில்லை. "இது உங்களுக்காக எழுதினதுண்ணா" என்றாள். இப்போது சேலம் பக்கத்தில் ஒரு காலேஜில் பாடம் நடத்துகிறாள். நான் மறுபடி ஒரு பல் லேபுக்குப் போனேன். அங்கே எனக்குக் கிண்ணம் கொடுத்தார்கள். வேண்டாம் என்றதும் சிரித்தார்கள்.

நான்கு வருஷம் கழித்து, மழையில் ஓக்கலிபுரம் ரயில் பாலத்துக்கு அடியில் வண்டி வழுக்கி இடுப்பு எலும்பு உடைந்தது. பந்து மூட்டை மாற்ற வேண்டும், சிமெண்ட் வைத்து என்றார் டாக்டர். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். நெஞ்சுக்கு நேராகப் பச்சைத் துணி. துணிக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம், ரம்பச் சத்தம். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு பாக்கெட் கிழிகிற சத்தமும் கண்ணாடிக் குப்பி உடைகிற சத்தமும் கேட்டன. அந்த நாற்றம் வந்தது.

என் நாடி எகிறியிருக்க வேண்டும், மெஷின் வேகமாகக் கத்த ஆரம்பித்தது. டாக்டர் துணிக்கு மேலே எட்டிப் பார்த்தார். சின்ன வயசு, நம்ம ஊர்த் தமிழ். "பயப்படாதீங்க பெரியவரே. எங்க சிஸ்டர் கலந்த கேஸ் ஒண்ணுகூட ஆடினதில்ல. அவங்களுக்குக் கைராசி."

"ராசி வேணாம் டாக்டர்!" என்று கத்திவிட்டேன். "பாக்கெட்ல போட்டிருக்கிறது போதும்! சிஸ்டர், கெட்டியா இருந்தா இருக்கட்டும், ஒண்ணும் சேக்காதீங்கம்மா! கிளவுஸ் காஞ்சிருக்கா?"

அந்தப் பக்கம் ஒரு நொடி எல்லாச் சத்தமும் நின்றது. என் தோளை யாரோ அழுத்திப் பிடித்தார்கள். கிண்டுகிற கரண்டி மறுபடி ஓட ஆரம்பித்தது. அதற்குமேல் ஒரு பெண் குரல், கொஞ்சம் மலையாளம் கலந்த தமிழ், பொறுமையாகச் சொன்னது.

"காஞ்சிருக்கு அப்பா. ஒரு குப்பிதான் ஒடச்சேன். ஒரு சொட்டுகூட ஜாஸ்தி இல்ல."

எத்தனை சொட்டு என்று அன்றைக்கு அந்தச் சேலத்துப் பெண் கேட்டபோது எனக்குத் தெரியாதிருந்த பதில், இந்தத் தடவை தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, மணல், நூல், மாவு என்று பதத்தை எண்ண ஆரம்பித்தேன்.